பானட்டின் மேல் விபூதி

மகனே,

உன் காரின் பானட்டில் நான் விபூதி தேய்த்துவிட்டேன். பூசவில்லை, கவனி, தேய்த்தேன். வெள்ளிக் குங்குமச்சிமிழைத் தேய்ப்பதுபோல, பழைய பனியனைச் சுருட்டி வைத்துக்கொண்டு, வட்டம் வட்டமாக, இரண்டு மணி நேரம் வேர்க்க வேர்க்கத் தேய்த்தேன். ஐம்பத்தாறு வயதில், பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன், ஊரார் சொத்துக்கெல்லாம் ‘எவ்வித வில்லங்கமும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறவன், தன் மகன் நம்பி ஒப்படைத்துவிட்டுப் போன ஒரே சொத்தில் தன் கையாலேயே வில்லங்கம் செய்து வைத்திருக்கிறேன். உன் அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

நேரில் சொல்ல வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன். தினமும் சாயங்காலம் நீ போனில் முகம் காட்டிப் பேசும்போது, “நைனா, வண்டி எப்படி கீது? ஒருவாட்டி காட்டு” என்கிறாய். நான்கு நாட்களாக உனக்கு நான் வண்டியின் பின்பக்கத்தை மட்டுமே காட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று நீ, “முன்னாடி காட்டு நைனா” என்றாய். “முன்னாடி வெயில் அடிக்குது கண்ணு, போன்ல தெரியாது” என்றேன். மணி ஆறரை. நீ போனுக்கு முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாய். பிறகு, “சரி நைனா, சாப்ட்டியா?” என்றாய். அந்தப் பார்வை இருக்கிறதே, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை காலையில் நீ ஊருக்கு வந்து இறங்கும்போது ஸ்டேஷனில் இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு, நான் பின்னால் வேறு ஆட்டோவில் வருவதாக இருக்கிறேன். வீடு வருவதற்குள் படித்து முடித்துவிடு. அடுத்த வாரம் கல்யாணம். முருகன் மலையில் தாலி கட்டி, கனகம்மாசத்திரத்துப் பெண்ணை இந்தக் காரில்தான் நம் வீட்டுக்கு அழைத்து வரப்போகிறாய். இரண்டு பக்கத்துச் சொந்தமும் இந்த பானட்டைச் சுற்றி நின்றுதான் போட்டோ எடுத்துக்கொள்ளும்.

எங்கிருந்து ஆரம்பித்தது என்று பத்திரத்தில் எழுதுவதுபோல மூலத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன். நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள், கம்பெனி உன்னை மூன்று மாதப் பயிற்சிக்கு வெளிநாடு அனுப்புகிறது என்று, வண்டியை மலைக்கு எடுத்துப் போய்ப் பூஜை போட்டோமே, அன்றுதான் விதை விழுந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாகிவிட்டது. குருக்கள் பானட்டில் விபூதிப் பட்டை மூன்று இழுத்து, நடுவில் கைநிறையச் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். கீழே வந்ததும் நீ பையிலிருந்து ஒரு மெத்தென்ற துணியை எடுத்தாய், துடைப்பதற்கு. நான்தான் கையைப் பிடித்தேன். “சாமி இட்டதடா, தானா உதிரணும். தொடைக்காத” என்றேன். நீ என்னைப் பார்த்தாய், துணியைப் பார்த்தாய், மடித்து உள்ளே வைத்துவிட்டாய். சாயங்காலம் கிளம்பும்போது சாவியைக் கையில் கொடுத்து, “வாரத்துக்கு ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் விடு. கவர் போட்டு வை. வேற ஒண்ணும் பண்ணாத நைனா, கம்பெனி பெயின்ட்டு, இது மேல வேற கை படவே கூடாது” என்று கெஞ்சுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாய். அந்தக் காரின்மேல் உனக்கு இருக்கிற உயிர் எனக்குத் தெரியாதா? போன தீபாவளிக்குக்கூட அதைச் சர்வீஸுக்கு விட்டுவிட்டு நீ ரயிலில் வந்து இறங்கியவன். பண்டிகையைவிட வண்டியின் சர்வீஸ் தேதி பெரிதாகப் போய்விட்டதா என்று உன் அம்மா முறைத்தாள். நான்தான், பொறுப்பான பிள்ளை என்று உன்னை விட்டுக்கொடுக்காமல் பேசினேன்.

சந்தனம் தானாக உதிரவில்லை. வெயிலும், கவருக்குள் அடைந்த ஈரமும் சேர்ந்து மூன்று மாதத்தில் அது பெயின்ட்டுக்குள் வேர் விட்டுவிட்டது. போன வாரம், கல்யாண வண்டியாயிற்றே, கழுவி வைப்போம் என்று கவரைத் தூக்கினால், காய்ந்த அப்பளம் மாதிரி ஒரு வட்டம் கையோடு வந்தது. அதன் அடியில் ஒரு நிழல். மயில் கழுத்து நீலத்தில் (நீ நேவி ப்ளூ என்பாய், எனக்கு அது மயில்தான்) மூன்று கோடும் ஒரு மங்கல் வட்டமும் அப்படியே அச்சாக நின்றன. ஷாம்பு போட்டேன். வெந்நீர் ஊற்றினேன். கடலைமாவு போட்டேன், ஏன் சிரிக்கிறாய், உனக்குச் சின்ன வயதில் முகத்தில் தேமல் வந்தபோது அதில்தான் போயிற்று. காரின் தேமல் போகவில்லை.

அப்போது வந்து சேர்ந்தான் உன் தாய்மாமன் முனிரத்தினம். பத்திரிகை வைக்க வேண்டியவர்கள் பட்டியலோடு அம்மையார்குப்பத்திலிருந்து வந்தவன், பட்டியலை வண்டி சீட்டிலேயே வைத்துவிட்டு என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான். எட்டுத் தறியை நாள் முழுக்க ஓடவிட்டுவிட்டுப் போனில் வீடியோ பார்ப்பவன். உலகத்தில் அவனுக்குத் தெரியாத தொழில் இல்லை.

“பாவா, இது ரொம்ப சிம்பிள். பாலிஷ் டப்பா வாங்கியா. மெல்ல வட்டமா தேய்ச்சிகினே போனா கண்ணாடி மாதிரி ஆயிடும். மிஷின்லாம் வேணாம், கையிலயே தேய்க்கலாம். நான் வீடியோல பார்த்துகிறேன்.”

டப்பா வாங்கி வந்தோம். கடைக்காரர், முதலில் நிழலில் நிறுத்துங்கள், வண்டி ஆறட்டும், ஒரு மூலையில் கொஞ்சம் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பிறகு மற்ற இடத்துக்குப் போங்கள் என்றார். இவ்வளவு அடக்கமாக ஒருவர் சொன்னால் நம் காதில் விழுமா? நேராக நடுவில் ஆரம்பித்தேன். அரை மணி நேரம் தேய்த்தும் கறை அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. முனிரத்தினம் பத்திரிகை ஞாபகம் வந்து கிளம்பிவிட்டான். நான் தனியாக நின்றேன். மகனே, என் வாழ்க்கையில் நடந்த எல்லா அனர்த்தமும் நான் தனியாக நின்று யோசித்த நேரத்தில்தான் ஆரம்பித்திருக்கிறது.

யோசனை இப்படிப் போயிற்று. டப்பாவில் இருப்பது என்ன? நைசான வெள்ளைத் தூள், எண்ணெயில் குழைத்தது. நம் வீட்டு வெள்ளி விளக்கு, சந்தனக் கிண்ணம், உன் அரைஞாண் எல்லாம் எதில் பளபளக்கின்றன? விபூதியில். விபூதி என்பது என்ன? நைசான வெள்ளைத் தூள். அதுவும் மலையில் கொடுத்தது. முருகன் இட்ட கறையை முருகன் பிரசாதமே எடுக்கும். இதைவிடப் பொருத்தமான ஒரு தர்க்கம் இந்தத் தாலுகாவில் யாருக்காவது தோன்றியிருக்குமா, சொல். பூஜையறைக்குப் போய் டப்பாவை எடுத்து வந்தேன். பாலிஷில் குழைத்தேன். “முருகா” என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன்.

ஈரமாக இருக்கும்வரை அப்படியொரு பளபளப்பு. என் முகம் தெரிந்தது, முகத்தில் இருந்த கர்வமும் தெரிந்தது. கறை நிஜமாகவே போய்விட்டது. அந்த உற்சாகத்தில், நடுவில் மட்டும் பளபளத்தால் நன்றாக இருக்காது என்று பானட் முழுவதையும் தேய்த்தேன். பிறகு காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, வெயிலில் எப்படி இருக்கிறது என்று தள்ளி நின்று பார்த்தேன். சிலந்தி, மகனே. ஆயிரம் சிலந்திகள் சேர்ந்து பானட்டில் வலை பின்னியிருந்தன. பானட்டில் தெரிந்த சூரியனைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கீறல். கறை இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பே போய், கண்ணில் புரை விழுந்த மாதிரி வெளுத்திருந்தது. கறை போகவில்லை; கறை ஒட்டிக்கொண்டிருந்த தோல் போயிருந்தது. நான் ஓடிப்போய்க் கவரை எடுத்து மூடினேன். மூடிய கவரைத் தூக்கி மறுபடி பார்த்தேன். அன்று முதல் இதே வேலைதான். காலையில் பல் விளக்கியதும் ஒருதரம், ஆபீஸ் கிளம்பும்போது ஒருதரம், சாப்பாட்டுக்கு வரும்போது ஒருதரம். ஏதோ தானாக ஆறிவிடும் என்பதுபோல.

அன்று சாயங்காலமே உன் அம்மா பூஜையறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

“இன்னாங்க, விபூதி டப்பா காலியா கீது? போன வாரம்தான மலையிலேர்ந்து வாங்கியாந்தேன்?”

“நெத்தி பெருசாயிகினே போவுது இல்ல, அதுக்கேத்த மாதிரி செலவாவுது” என்று என் வழுக்கையைத் தடவிக் காட்டினேன்.

“ஆங், ஆவும் ஆவும்” என்றாள். அவ்வளவுதான். முப்பது வருஷத்தில் அவள் என்னை அடித்த அடிகளெல்லாம் இப்படி இரண்டு வார்த்தைக்குள்தான் இருந்திருக்கின்றன.

மறுநாள் முனிரத்தினத்துக்குக் காட்டினேன். கவரைத் தூக்கியவன் பானட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தான்.

“இன்னா பாவா, காருக்கு மொட்டை போட்டுகிற? ஊர்ல எல்லாரும் மொட்டை அடிச்சிட்டுதான் சந்தனம் தடவுவாங்க. நீ சந்தனம் தடவிட்டு மொட்டை அடிச்சிகிற!”

“டேய், சிரிக்காதடா. வியாழக்கெழம வந்துடுவான்டா.”

“அட, இதுக்கா பயப்படுற? கல்யாண வண்டிதான, பூ ஜோடிச்சிட்டா எவனுக்குத் தெரியப்போவுது? நட்டநடுவுல ரோசாப்பூவுல பெருசா ஒரு ஹார்ட்டு வச்சிடலாம். மாப்ள கேட்டா, மாமன் சீருன்னு சொல்லிடு.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த யோசனை இனித்தது. அந்த நிமிஷமே பூக்கடையில் சொல்லி வைக்கக் கிளம்பினேன். வழியில் நடந்துகொண்டே எந்தெந்த இடத்தில் சாமந்தி, எங்கே ரோஜா என்று மனதுக்குள் அளந்தேன். பூக்கடை வாசல்வரை போனபிறகுதான் உன் கோப்பை ஞாபகம் வந்தது. வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

உனக்கும் ஞாபகம் இருக்கும். எட்டாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்து ஒரு தங்க நிறக் கோப்பையோடு வந்தாய். ஒருநாள் முழுக்க அதைக் கீழே வைக்கவில்லை, சாப்பிடும்போதுகூட மடியில். திங்கட்கிழமை பள்ளியில் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்றாய். என் மகன் கோப்பை மங்கலாகப் போகலாமா என்று ஞாயிற்றுக்கிழமை நீ விளையாடப் போயிருந்த நேரத்தில் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். தங்கம் மொத்தமும் புளியோடு போய், உள்ளேயிருந்து ஒரு அலுமினிய டம்ளர் வெளியே வந்தது. நீ வந்து பார்த்தாய். அழுவாய் என்று நினைத்தேன். கத்துவாய் என்று நினைத்தேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பரவால்ல நைனா” என்றாய். கொண்டுபோய்ப் பரணில் வைத்துவிட்டாய். திங்கட்கிழமை வெறுங்கையோடு பள்ளிக்குப் போனாய்.

அந்தப் ‘பரவால்ல’வுக்குப் பிறகு நீ புதிதாகக் கிடைத்த எதையும் என்னிடம் முதலில் காட்டியதில்லை. இதை நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். வேலைக்கான கடிதம் வந்ததை மாமனிடம் சொல்லி, மாமன் அம்மாவிடம் சொல்லி, அம்மா எனக்குச் சொன்னாள். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்பதும் அதே வழியாகத்தான் என் காதுக்கு வந்தது. கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை? ஒரு பொருள் என் கைக்கு வந்தால் அதை இன்னும் கொஞ்சம் நன்றாக ஆக்குகிறேன் என்று இருப்பதையும் உரித்துவிடுவேன் என்று பதின்மூன்று வயதிலேயே உனக்குப் புரிந்துவிட்டது. நான் பயப்படுவது பெயின்ட்டுக்காக இல்லை, மகனே. பெயின்ட் அடிக்க ஆள் இருக்கிறது. வியாழக்கிழமை நீ கவரைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும், “பரவால்ல நைனா” என்று சொல்லப்போகிறாய். என் பயமெல்லாம் அதற்குத்தான். தயவுசெய்து சொல்லாதே. கத்து. தெருவே வேடிக்கை பார்க்கும்படி கத்து. எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியாருக்கு ரொம்ப நாளாகப் பேச விஷயம் கிடைக்காமல் கிடக்கிறது. தன் ஸ்கூட்டரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, போகிற இடமெல்லாம் பழைய ரேஷன் கடை வாசனை அடிக்கிற மனிதர், நான் தேய்த்ததை மதில்மேல் கையூன்றிப் பார்த்துவிட்டு, “பேஷ், பேஷ்” என்றார். அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம். எனக்கு இருக்கிற ஒரே சரக்கு நான் கெடுத்த பொருள்களின் பட்டியல்தான்; அதிலிருந்தே எடுத்துக்கொள். எனக்குக் கல்யாணமான புதிதில் உன் அம்மா ஆடி மாதத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கிருந்து எனக்கு ஒரு கடிதம் போட்டாள். நாலு பக்கம். மாடு கன்று போட்டது, முனிரத்தினம் மரத்திலிருந்து விழுந்தது, நான் இல்லாமல் சாயங்காலம் போகமாட்டேன் என்கிறது என்று எல்லாம் எழுதியிருந்தாள். நான் அப்போதுதான் பத்திரம் எழுதத் தொடங்கியிருந்தேன். எழுத்தில் அடித்தல் திருத்தல் கூடாது என்று குருவிடம் குட்டு வாங்கிக்கொண்டிருந்த காலம். சிவப்பு மை எடுத்து அவள் கடிதத்தில் இருந்த பிழையையெல்லாம் திருத்தி, ஓரத்தில் ‘நன்று’ என்று எழுதி, மறு தபாலிலேயே திருப்பி அனுப்பினேன். அன்பாகத்தான் செய்தேன், அதுதான் இதில் கேவலம். அவள் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதன்பிறகு இன்றுவரை மளிகைச் சீட்டு தவிர எனக்கென்று அவள் ஒன்றும் எழுதியதில்லை. அந்த நாலு பக்கம் மாதிரி இன்னொரு நாலு பக்கம் கிடைக்குமென்றால் நான் என்னவெல்லாமோ கொடுப்பேன்.

ஆகையால் உன் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணைத் தேய்க்காதே. அவள் வைக்கிற குழம்பு, பேசுகிற தெலுங்கு கலந்த பேச்சு, துணி மடிக்கிற விதம், எதிலாவது உனக்கு ஒரு மங்கல் தெரிந்தால், கடைக்காரர் சொன்ன மாதிரி முதலில் நிழலில் நிறுத்தி ஆறவிடு. மூணு நாள் கழித்தும் கண்ணை உறுத்தினால், அது உன் கண்ணாகவும் இருக்கலாம். அவள் உன்னைத் தேய்க்க வந்தால் அப்போது ‘பரவால்ல’ சொல்லாதே. இந்த வார்த்தையை நீ என்னிடமிருந்து தப்பிக்கக் கற்றுக்கொண்டாய். அவளிடம் பயன்படுத்தினால் அவளும் என்னைப் போலவே உன் வேலைக் கடிதத்தை மூன்றாவது ஆள் மூலம் தெரிந்துகொள்வாள். வலித்தால் வலிக்கிறது என்று சொல். உடைத்தால் உடைத்தேன் என்று சொல். மறைத்த பொருள் கவருக்குள் தானாக ஆறுவதில்லை. நான்கு நாட்களாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தவன் சொல்கிறேன்.

இதையெல்லாம் எழுதி முடித்துக் கையெழுத்துப் போடப் போகும்போது, அரக்கோணம் ரோட்டில் பெயின்ட் ஷெட் வைத்திருக்கிற பாய் வந்துவிட்டார். நான்தான் காலையில் போய்க் கெஞ்சிவிட்டு வந்திருந்தேன். உன் அம்மா அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “நல்லா பாருங்க பாய், விபூதி எவ்ளோ ஆழம் போயிகிதுன்னு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் கவரைத் தூக்கினேன். பாய் பானட்டை ஒரு சாய்வில் பார்த்தார், விரலால் தடவினார், நகத்தால் தட்டினார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. பானட்டைத் திறக்கச் சொல்லி, ஓரத்தில் இருக்கிற ரப்பரை விலக்கி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். “கீறலெல்லாம் மிஷின்ல எடுத்துடலாம், வெளுத்த எடத்துக்கு மட்டும் அடிக்கணும், கல்யாணத்துக்குள்ள முடிச்சுத் தரேன்” என்றார். எனக்குப் போன உயிர் வந்தது.

“பயந்துட்டேன் பாய். கம்பெனி பெயின்ட்டு, கையே படக்கூடாதுன்னு புள்ள அவ்ளோ சொல்லிட்டுப் போனான்.”

பாய் டார்ச்சை அணைக்காமல் என்னையே பார்த்தார்.

“கம்பெனி பெயின்ட்டா? பானட்டு போல்ட்டு நாலுலயும் ஸ்பானர் தழும்பு கீதுங்க. ரப்பர்ல பெயின்ட் தூளு படிஞ்சிகிது. இது எங்கியோ முட்டிகினு, கழட்டி வேற பெயின்ட் அடிச்ச பானட்டு. ஒரு வருசம் கூட ஆவல, போன தீபாவளி வாக்குல அடிச்சதா இருக்கும். புள்ள சொல்லலியா?”

“ஆங், சொன்னான் பாய்” என்றேன்.